நாலாவது அப்பம்

ஞானம்மா டீச்சர் கண்ணை மூடி, நாக்கை லேசாக நீட்டிக்கொண்டு காத்திருந்தார். அமலோற்பவம் சிமிழின் மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. தங்க முலாம் பூசிய அடிப்பாகம்தான் பளபளத்தது.

மூடினாள். மறுபடி திறந்தாள். இரண்டாம் தடவை பார்த்தால் மட்டும் வந்துவிடுமா என்ன?

காலை ஆறு மணிப் பூசை முடிந்ததும் பங்குத்தந்தை மதிவாணன் அவள் கண்ணெதிரேதான் எண்ணிச் சிமிழில் வைத்தார். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சரியாம்மா?” என்றார். “சரி ஃபாதர்” என்று சொன்னவள் இவள்தான். கோயிலுக்கு வர முடியாத நோயாளிகள் நாலு பேர், அவர்களுக்கு நன்மையாகக் கொடுக்க நாலு அப்பம். பூசையில் குருவானவர் உயர்த்திப் பிடித்து எழுந்தேற்றம் செய்த பிறகு அது வெறும் மாவு அப்பம் இல்லை, ஆண்டவருடைய உடல். அதில் ஒரு துகள் கீழே சிந்தினாலும் சிந்தியது ஆண்டவர்தான். அப்படித்தான் அமலோற்பவம் சின்ன வயதிலிருந்து நம்புகிறாள். இப்போது துகள் இல்லை, முழு அப்பத்தையே காணோம்.

டீச்சர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “என்ன அமலா, ஆண்டவர் லீவு போட்டுட்டாரா?”

“ஒரு சின்ன குழப்பம் டீச்சர். கோயில் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.”

“போயிட்டு வா. நீ வர்ற வரைக்கும் நான் இட்லியத் தொட மாட்டேன்.”

“வேணாம் டீச்சர், சாப்பிட்டுடுங்க. உங்களுக்கு சுகர் இருக்கு.”

“எழுபத்தெட்டு வயசுல எனக்குப் புதுப் பழக்கம் சொல்லித் தராத. நன்மை வாங்காம பச்சத் தண்ணி பல்லுல படாது.” டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், இனி அந்த வாய் திறக்காது.

அமலோற்பவம் வெளியே வந்தாள்.  கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்னாளே தவிர, போய் என்ன செய்வது? மீதி அப்பம் வைத்துப் பூட்டுகிற நற்கருணைப் பேழையின் சாவியை ஃபாதர் கையோடு எடுத்துக்கொண்டு கடலூருக்கு, மறைவட்டக் கூட்டத்துக்குப் போய்விட்டார். சாயந்திரம்தான் திரும்புவார். வந்ததும் ஏழு மணிக்குப் பங்குப் பேரவைக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் முதலில் பேசப்போவதே இவளைப் பற்றித்தான்.

நாலு மாதத்துக்கு முன்னால், மாதாமாதம் முதல் வெள்ளியில் நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோக மூன்று பேரை ஃபாதர் தேர்ந்தெடுத்தார். இரண்டு ஆண்கள், மூன்றாவது அமலோற்பவம். அந்தக் கோயிலில் ஒரு பெண் நற்கருணையைக் கையால் தொடுவது அதுதான் முதல் தடவை. பேரவையின் துணைத்தலைவர் அறிவுச்செல்வன் அப்போதே எழுந்து நின்றுவிட்டார். சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். நாலு பேர் பேசுவதை ஒரே ஆளாகப் பேசுவார். “டிபன் பாக்ஸ் எடுத்துக்கினு போற மாதிரி ஆண்டவர ஸ்கூட்டில எடுத்துக்கினு போவுமா ஒரு பொம்பள? ஒண்ணு கீழ வுழுந்தா யாரு ஜவாபு?” என்றார். ஃபாதர் சிரித்துக்கொண்டே, “நாலு மாசம் பாப்போம், அப்புறம் பேசலாம்” என்றார். அந்த நாலு மாதம் இன்றோடு முடிகிறது. அவர் சொன்ன அந்த ஒன்றும் சரியாக இன்றைக்குத்தான் விழ வேண்டுமா?

விழுந்தது என்று யார் சொன்னது? தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். இரண்டு அப்பம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது உண்டு. ஒட்டியபடியே யாராவது ஒருவர் வாய்க்குள் போயிருக்கலாம். அப்படியென்றால் பாவமில்லை, ஆண்டவர் போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறார். கழுத்தில் தொங்கிய வெள்ளைப் பையை உள்ளும் புறமும் உதறிப் பார்த்தாள். ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தைப் பார்த்தாள். டீச்சர் வீட்டு வாசலிலிருந்து பிளாக்கின் முனை வரை வேப்பம் சருகுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். காய்கறி வண்டிக்காரர் நின்று, “என்னம்மா, செயினா?” என்றார். ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் தலையை ஆட்டி வைத்தாள்.

போன வழியிலேயே திரும்பத் தேடுவது என்று முடிவு செய்தாள். டீச்சருக்கு முன்னால் போனது வெண்மதி வீடு. சின்னப் பெண், கால் எலும்பு முறிந்து இரண்டு மாதமாகக் கட்டிலோடு கிடக்கிறாள்.

“வெண்மதி, காலைல உனக்கு நன்மை குடுத்தனே, அது ஒண்ணா இருந்துச்சா, ரெண்டா இருந்துச்சா?”

“ஒண்ணுதான் ஆன்ட்டி. ஏன்?”

“இல்ல, சும்மா.” சொல்லிக்கொண்டே மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். ஒரு செருப்பு, ஒரு சார்ஜர், ஒரு சீப்பு.

“என்ன ஆன்ட்டி தேடறீங்க?”

“கம்மல். ஒரு கம்மல் கழண்டு வுழுந்துருச்சு.”

வெண்மதி அவளுடைய இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு கம்மலும் இருந்த இடத்திலேயே இருந்தன. அமலோற்பவத்துக்கு முகம் சுருங்கிப்போனது. ஆண்டவரைத் தொலைத்துவிட்டு, அவரைத் தேடப் போன இடத்தில் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்தபடியே எழுந்து வெளியே வந்தாள்.

அதற்கு முந்தின வீடு சூசைநாதனுடையது. மகனுடைய குவார்ட்டர்ஸில் இருக்கிறார். காது மந்தம், அதனால் ரகசியம் பேச லாயக்கில்லாத வீடு.

“ரெண்டா?” என்று அவர் கத்தினார். “ரெண்டு குடுத்தியா நீ? எனக்கு ஒண்ணுதான வாய்ல கரைஞ்சுது! இன்னொண்ணு எங்க?”

“மெதுவா பேசுங்க அங்கிள்.”

“ஆங்?”

சமையலறையிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். கீழே ஏதாவது கிடந்ததா என்று கேட்டதற்கு, காலையிலேயே வீட்டைப் பெருக்கிக் குப்பையை வாசல் தொட்டியில் கொட்டிவிட்டேன் என்றாள். அமலோற்பவம் வெளியே போனாள். முருங்கைக் கீரைக் காம்பு, முட்டை ஓடு, தலைமுடி, டீத்தூள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டுப் பார்த்தாள். வெள்ளையாக எது தென்பட்டாலும் நெஞ்சு திடுக்கென்றது. ஒரு தடவை வெங்காயச் சருகு, ஒரு தடவை கிழிந்த காலண்டர் தாள். மருமகள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அறிவுச்செல்வனுடைய அக்காள் மகள் என்பது, மறுபடி எல்லாவற்றையும் அள்ளித் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவும்போதுதான் அமலோற்பவத்துக்கு ஞாபகம் வந்தது. 

ஸ்கூட்டியைக் கிளப்பி முதல் திருப்பம் தாண்டவில்லை, போன் வந்துவிட்டது.

“அமலா, நான் அறிவுச்செல்வன் பேசறேன். குப்பத் தொட்டியக் கிளறுனியாமே?”

“கம்மல் வுழுந்துருச்சுண்ணே.”

“கம்மலா?” என்று இழுத்தார். “சரி. சாயந்தரம் மீட்டிங்குக்கு வருவ இல்ல? வந்துரு.”

போனை வைத்துவிட்டு மரத்தடியில் வண்டியை நிறுத்தினாள். பன்னிரண்டரை மணி வெயில் தார் ரோட்டில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. இப்போது கோயிலுக்குப் போய், கூடத்தில் உட்கார்ந்து சாயந்திரம் வரை அழலாம். அல்லது ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்துவிடலாம். நாலு பேருக்கும் கொடுத்தாயிற்று என்று ஃபாதரிடமும், இன்றைக்கு நன்மை கிடைக்கவில்லை என்று டீச்சரிடமும் சொல்லிவிடலாம். யார் எண்ணப் போகிறார்கள்? சிமிழ் காலியாகத்தானே திரும்பப் போகிறது! அந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. அறிவுச்செல்வன் சொன்னதுதான் சரியோ? எனக்கெல்லாம் இந்த வேலை ஆகாதோ?

ஒரு வீடு மிச்சம் இருந்தது. அது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்தும் ஒன்பதே முக்காலிலிருந்து இத்தனை நேரமாக அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். மந்தாரக்குப்பத்தில் ராயப்பன் வீடு. காலையில் முதலில் போனது அங்கேதான். தூரம் என்பதால் அதை முதலில் முடித்துவிட்டுச் சுரங்க டவுன்ஷிப்புக்குள் வருவது அவள் வழக்கம்.

ஆனால் அங்கே போய் யாரைக் கேட்பது? ராயப்பன் பக்கவாதத்தில் விழுந்து ஆறு வருடம் ஆகிறது. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, “ம்” என்ற சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் வராது. அவருடைய மனைவியோ நம்ம ஆள் இல்லை. நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு, கதவோரமாகக் கையைக் கட்டி நிற்பாள். காதலித்துக் கட்டிக்கொண்டது, கோயிலில் முறைப்படி அனுமதி வாங்கித்தான் திருமணம் நடந்தது. ஆனால் அவள் ஞானஸ்நானம் வாங்கவில்லை, பூசைக்கும் வருவதில்லை. அவளிடம் போய் நன்மையைப் பற்றி என்ன கேட்பது, கேட்டால்தான் அவளுக்கு என்ன புரியும்? இப்படித்தான் அமலோற்பவத்தின் மனசு கணக்குப் போட்டது. படித்தவள், பதினோரு வருடம் ஞாயிறு மறைக்கல்வி நடத்தியவள், இவள் போட்ட கணக்கு இது.

ராயப்பன் வீட்டில் அவள் எப்போதும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை என்பதும் இப்போது உறைத்தது. பதில் சொல்ல ஆளில்லாத வீட்டில் ஜெபத்தை யாரும் நீட்ட மாட்டார்கள். இன்றைக்கு அந்த ஐந்து நிமிடமும் இல்லை. ‘கிறிஸ்துவின் உடல்’ என்று சொல்லி அவர் நாக்கில் வைக்கிற சமயத்தில் பைக்குள் போன் கிர்கிர்ரென்று அதிர்ந்தது. கேஸ் சிலிண்டர்காரர்! வீட்டில் ஆள் இல்லை, கணவர் முதல் ஷிப்ட். ஓடிபி சொல்லாவிட்டால் சிலிண்டரைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார், அப்புறம் ஒரு வாரம் அலைய வேண்டும். சிமிழை டப்பென்று மூடினாள், ஆசீரை அரைகுறையாக முணுமுணுத்தாள், வாசலுக்கு வந்து ஓடிபியைச் சொல்லிக்கொண்டே வண்டி ஏறினாள். பின்னால் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

கூப்பிட்டது அவளைத்தானோ? வண்டியைத் திருப்பினாள்.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் லாரிகள் வரிசையாக நின்று வழியை அடைத்திருந்தன. ஆரன் அடித்துக்கொண்டே சந்துக்குள் நுழைந்தாள். காலையில் இங்கிருந்து போய் நாலு மணி நேரம் ஆகிவிட்டது. நாலு மணி நேரத்தில் ஒரு வீட்டில் என்னவெல்லாம் நடக்காது? பெருக்கியிருப்பார்கள், துடைத்திருப்பார்கள். ராயப்பனுக்குப் படுக்கை மாற்றியிருப்பார்கள். எறும்பு வந்திருக்கும், பல்லி வந்திருக்கும். தெருநாய் வந்திருந்தால்? “இயேசுவே, இயேசுவே” என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனாள்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் இரண்டு பிளாஸ்டிக் குடங்கள் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. பதினொரு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்துபோன ஈரம் தெருவில் இன்னும் காயவில்லை. இந்த வீட்டுக் குடங்களில் மட்டும் தண்ணீர் பிடிக்கவில்லை. கதவைத் தள்ளினாள்.

“பாத்து! பாத்து வாங்க! அங்கியே நில்லுங்க!” என்று ஒரு குரல் கிட்டத்தட்ட அலறியது.

உள்ளே புழுக்கம் முகத்தில் அடித்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன, மின்விசிறி நின்றுகொண்டிருந்தது. கட்டிலில் ராயப்பன் வேர்வையில் நனைந்து படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில், சிமெண்ட் தரையில், அவருடைய மனைவி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு கண்ணாடி டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அமலோற்பவம் விரலைக் கழுவிக்கொள்வதற்காக ஒவ்வொரு முதல் வெள்ளிக்கும் தண்ணீர் நிரப்பி வைக்கிற டம்ளர் அது. டம்ளரைச் சுற்றித் தரையில் மஞ்சள்தூளால் கோடு இழுத்திருந்தது. டம்ளருக்குள்ளே, வெள்ளையாக, வட்டமாக, ஒரு ஓரம் கூட உடையாமல் இருந்தது அப்பம்.

அமலோற்பவம் நிலைப்படியிலேயே முழந்தாளிட்டுவிட்டாள். 

“நீங்க அவுரு வாயில வெச்சீங்க இல்ல,” என்றாள் அந்த அம்மாள். தொண்டை காய்ந்து கரகரவென்று வந்தது குரல். “அப்ப ஒண்ணு அடியில ஒட்டிக்கினு இருந்துது. நீங்க கைய எடுக்கச் சொல்லோ அது நழுவிக் கீழ வுழுந்துடுச்சு. நீங்க பாக்கல, போன் அடிச்சுது, போயிட்டீங்க. தெரு முனை வரைக்கும் ஓடியாந்து கூப்ட்டேன். வண்டி போயிடுச்சு.”

“எடுத்து வெச்சிருக்கலாமேம்மா.”

“எப்பிடிங்க எடுக்கறது? நான் தொடக் கூடாதே.” சொல்வதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், குறைப்பட்டுச் சொல்லவில்லை. “குனிஞ்சு எடுக்கலாம்னுதான் பாத்தேன். இவுரு ‘ம், ம்’முனு கத்தி நல்லா இருக்கற கையால கட்டிலை அடிச்சாரு. அவுரு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. சரி, இது பெரிய விசயம், நம்ம கை வெக்கற விசயம் இல்லன்னு தெரிஞ்சுகினேன். காத்துக்குப் பறந்துடும்னு ஃபேன நிறுத்தினேன். எறும்பு சாரி சாரியா வருது இந்த வூட்ல, அதான் மஞ்சத்தூள். இவுரு கஞ்சியக் கூட இங்க இருந்து எட்டித்தான் ஊட்டுனேன். நீங்க வந்துடுவீங்க, இப்ப வந்துடுவீங்கன்னு பாத்துகினே இருந்தேன்.”

“போன் பண்ணியிருக்கலாமே?”

“ஒங்க நம்பரு என்கிட்ட ஏதுங்க? ஒங்க பேரும் எனக்குத் தெரியாது. பேரு தெரிஞ்சா பக்கத்து வூட்டுப் புள்ளய அனுப்பி கோயில்ல விசாரிச்சிருப்பேன்.”

 நாலு மாதமாக அமலோற்பவம் இந்த வீட்டுக்குள் வந்து போகிறாள். இந்த மேசை மேல் வெள்ளைத்துணியை விரித்தது யார், மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தது யார் என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. மூன்று மணி நேரம் ஊரெல்லாம் குப்பையைக் கிளறினாளே, இங்கே ஒருத்தி எழுந்து தண்ணீர் கூடப் பிடிக்காமல் காவல் உட்கார்ந்திருந்தாள். வெட்கம் தலையிலிருந்து கால் வரை இறங்கியது.

முழங்காலாலேயே நகர்ந்து போனாள். டம்ளரைத் தூக்கினாள். அப்பத்தை இரண்டு விரலால் எடுத்தாள், இந்தத் தடவை நழுவவில்லை. சிமிழுக்குள் வைத்து மூடினாள். கட்டிலில் ராயப்பன் “ம்” என்றார். பெருமூச்சுப் போல இருந்தது அது. அமலோற்பவம் ஒரு துணியை நனைத்து வந்து அந்த இடத்தைத் துடைத்தாள். பிறகு பையிலிருந்து போனை எடுத்தாள். ஃபாதருடைய எண்ணைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். இதைச் சொன்னால் இன்று சாயந்திரத்தோடு சிமிழைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அறிவுச்செல்வனிடம் கம்மல் கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். எதிரே அந்த அம்மாள் டம்ளர் இருந்த இடத்தையே இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமலோற்பவம் எண்ணை அழுத்தினாள்.

“ஃபாதர், காலைல நன்மை ஒண்ணு கீழ வுழுந்துருச்சு. என் கையில இருந்துதான் வுழுந்துச்சு. போன் வந்த அவசரத்துல நான் பாக்கல.” ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். “மூணு மணி நேரமா எங்கெங்கயோ தேடுனேன். ராயப்பன் வூட்லதான் இருந்துச்சு. சேதம் இல்ல. இப்ப சிமிழ்ல வெச்சுட்டேன். டீச்சர் இன்னும் சாப்பிடாம காத்திருக்காங்க. சாயந்தரம் கூட்டத்துல நானே எழுந்து சொல்லிடறேன்.”

 ஃபாதர் மெதுவாகக் கேட்டார்: “இவ்ளோ நேரம் யாரும்மா அதப் பாத்துக்கிட்டாங்க?”

  அமலோற்பவம் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, எதிரில் உட்கார்ந்திருந்தவளிடம் குனிந்தாள்.

“அம்மா, உங்க பேரு என்ன?”

“ஆதிலட்சுமிங்க” என்றாள் அவள். மரத்துப்போன காலை நீட்ட முடியாமல் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “இனிமே ஃபேன் போட்டுக்கலாங்களா? இவுருக்கு வேர்த்துக் கொட்டுது.”